ஒருவரும் கேட்காத ரொமான்டிக் காலம்

லண்டனின் பிளேஸ்டோ பகுதியில் கவுன்சில் மண்டபம் ஒன்றில் புதன்கிழமை முற்பகல்களில் எங்கள் தமிழ் ஆட்களில் வயது போனவர்கள் கூடுவார்கள். முதலில் கதிரையில் இருந்தபடியே கையையும் காலையும் அசைக்கும் உடற்பயிற்சி. பிறகு தேநீரும் வடையும். அதன்பின் ஒரு மணி நேரம் ஏதேனும் ஒரு நிகழ்ச்சி, கடைசியில் மதியச் சாப்பாடு. அந்த ஒரு மணி நேரத்தை நிரப்புவதுதான் எப்போதும் கடினம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பற்றி ஒருவர் பேசினார். பென்ஷன் பற்றி ஒருவர் பேசினார். பிறகு மறுபடியும் சீனி வருத்தம். அந்தச் சலிப்பில்தான், ஐரோப்பியச் செவ்விசையைக் காலம் காலமாகப் பிரித்துக் கேட்கலாம், வாரத்துக்கு ஒரு காலம், என்று நான் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்காததை விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே எதையும் மறுக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாத விடயம் அல்ல.

நான் இசை படித்தவள் அல்ல. லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தில் பல ஆண்டுகள் இருந்தோம். அங்கே என் ஜெர்மன் மொழி ரொட்டி வாங்கப் போதுமாக இருந்தது, நாவல் வாசிக்கப் போதுமாக இருக்கவில்லை. நகர நூலகத்தில் ஏக்கத்தோடு புத்தகங்களைத் தடவிவிட்டு, இலக்கணம் தேவைப்படாத ஓர் அடுக்கின் முன் போய் நின்றேன். அது ஒலிநாடாக்களின் அடுக்கு. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிறத்தில் சிறு தாள் ஒட்டியிருந்தார்கள். இடது ஓரத்தில் தொடங்கி, ஒன்றையும் தாண்டாமல், வலது ஓரம்வரை கேட்டு முடித்தேன். அதனால் எனக்கு அந்த இசை எப்போதும் வரிசையாகவே வந்தது: முதலில் துறவிகளின் ஒற்றைக் குரல், பிறகு மறுமலர்ச்சிக் காலம், பரோக், செவ்வியல், ரொமான்டிக், அதன்பின் எல்லாம் உடைந்த நூற்றாண்டு. லண்டனில் ஓய்வு பெறும்வரை நூலகம் ஒன்றில் வேலை செய்தேன். இங்கேயும் இரவல் வாங்கிக் கேட்டேன். பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லாத ஒரு செல்வம் அது. அதைப் பகிர்வதற்கு இந்த வயதில் ஒரு கூட்டம் கிடைத்ததை நான் எவ்வளவு பெரிதாக எண்ணினேன் என்பதைச் சொல்லாவிட்டால், பின்னர் நான் நடந்துகொண்ட விதம் விளங்காது.

வகுப்பு எடுப்பதால் மண்டபத்தில் எல்லோரும் என்னை ரீச்சர் என்றார்கள். முன்வரிசையில் மூன்று பேர் தவறாமல் இருப்பார்கள். ஒருவர் கடைக்கார அண்ணை. டென்மார்க்கில் இருந்துவிட்டு இங்கு வந்து பலசரக்குக் கடை வைத்து, இப்போது அதை மகனிடம் விட்டிருப்பவர். இன்னொருவர் எனக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தோழி. என்னைவிடச் சில வயது இளையவர், வாயில் ஒளிவுமறைவு இல்லாதவர். மூன்றாமவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே மயக்கமருந்து மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் என்னை மேடம் என்பார்.

துறவிகளின் பாடலைக் கேட்டதும் தோழி, "இது கோயில்ல ஓதுறமாதிரியெல்லோ இருக்கு" என்று கைகூப்பினார். மறுமலர்ச்சிக் காலம் வந்த வாரம், நான்கைந்து குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போனபோது கடைக்கார அண்ணை நெற்றியைச் சுருக்கினார்.

"இதென்ன ரீச்சர், எல்லாரும் ஒரே நேரத்தில கதைக்கினம்? எங்கட சங்கக் கூட்டம் மாதிரி."

"வித்தியாசம் இருக்கு அண்ணை," என்றார் தோழி. "இவையள் கடைசியில ஒண்டாச் சேர்ந்து முடிக்கினம்."

பரோக் என்ற பெயரே முதலில் ஒரு வசைச்சொல்லாகத்தான் இருந்தது என்று நான் அவர்களுக்குச் சொன்னேன். வடிவம் கெட்ட முத்து என்று பொருள். அலங்காரம் கூடிப்போயிற்று என்று பின்னால் வந்தவர்கள் முகம் சுளித்து வைத்த பெயர். தாங்கள் பரோக் காலத்தில் வாழ்கிறோம் என்று அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு காலம் முடிந்துவிட்டது என்பதும் அதற்குள் இருந்தவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைவாத்தியத்தின் இசையைப் போட்டேன். எனக்குக் கேட்டது தட்டல் மட்டும். மரத்தில் நகம் படும் ஓசை. அதன் மேல் இருக்கவேண்டிய வெள்ளி ஒலி எங்கேயோ போய்விட்டிருந்தது. கடைக்கார அண்ணை, "கரண்டிப் பெட்டிக்குள்ள எலி ஓடுற சத்தம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்ன சொன்னார் என்பதைப் பிடிக்க எனக்குச் சிறிது நேரம் ஆனது, கடைசியாகச் சிரித்தவள் நான்தான்.

என் காது எப்போது குறையத் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. கணவர் காலமானபின் வீட்டில் ஓசை குறைந்தபோது அதைத் துக்கம் என்று எண்ணினேன். தோட்டத்தில் குருவிகள் இல்லாமற் போனதைக் காலநிலை மாற்றம் என்று எண்ணினேன். தொலைபேசியில் எல்லோரும் முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள் என்று மகளிடம் குறைப்பட்டபோதுதான் அவள் என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். கூரிய ஒலிகள்தான் முதலில் போகும் என்றார்கள். புல்லாங்குழல், மணி, வயலினின் உயர்ந்த தந்தி. நான் வாழ்நாள் முழுதும் சேர்த்த செல்வத்தில் மேல்தட்டில் அடுக்கியிருந்தவை.

காதுக் கருவி தந்தார்கள். அதை நான் மறைத்தேன். கொண்டை போட்டுக்கொள்பவள், கூந்தலைக் காதின் மேல் தளர்த்திக் கட்டத் தொடங்கினேன். உலகின் மிகப் பெரிய இசைமேதை ஒருவரே செவிடாகத்தான் தன் உயர்ந்த படைப்புகளை எழுதினார் என்று மகள் ஆறுதல் சொன்னாள். மேதைக்குப் பொருந்தும் ஆறுதல் பிளேஸ்டோவில் பென்ஷன் எடுப்பவளுக்குப் பொருந்தாது. காது கேளாத பெண் இசை கேட்கச் சொல்லித் தருகிறாள் என்ற வாக்கியத்தை நான் மனதுக்குள் பலமுறை, பல குரல்களில் கேட்டிருந்தேன். யாரும் கேலி செய்யமாட்டார்கள். அதுதான் பயம். 'பாவம்' என்பார்கள். மிகுந்த மரியாதையோடு என் ஒரு மணி நேரத்தை என்னிடமிருந்து எடுத்துச் சீனி வருத்தத்துக்குக் கொடுப்பார்கள்.

செவ்வியல் காலத்து வாரம் நல்லபடியாகப் போயிற்று. கேள்வி கேட்பது போல ஒரு வரி, பதில் சொல்வது போல அடுத்த வரி, எல்லாம் அளவோடு. மருத்துவர் மிகவும் ரசித்தார். "எங்க சர்ஜன் தியேட்டர்ல இதைத்தான் போடுவார் மேடம். இதைக் கேட்டாலே எனக்கு எழுந்து போய்க் கையைக் கழுவணும்னு தோணுது." வரப்போகும் வாரங்களைப் பற்றியும் அன்று சொன்னேன். இருபதாம் நூற்றாண்டில் எல்லா விதிகளும் தளரும், அமைதியைக்கூட இசையாக முன்வைப்பார்கள் என்றேன். "அப்ப அந்தக் கிழமை நான் வகுப்பெடுக்கிறன்" என்றார் கடைக்கார அண்ணை.

அதற்கடுத்த வாரம் ரொமான்டிக் காலம். முதல்நாள் மாலை மகள் வந்து, என் காதுக் கருவிகளைக் கைப்பேசியோடு புளூடூத்தில் இணைத்துவிட்டிருந்தாள். "Now calls will come straight in, அம்மா. No more 'what, what'" என்றாள். அழைப்புகளுக்குத்தான் அது என்று நான் விளங்கிக்கொண்டேன். மண்டபத்துச் சிறிய ஸ்பீக்கரும் அதே கைப்பேசியோடுதான் இணைவது வழக்கம். இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அன்று நான் நன்றாகப் பேசினேன். அதுவரை அரசருக்கும் தேவாலயத்துக்கும் எழுதியவர்கள், இந்தக் காலத்தில்தான் தங்கள் அந்தரங்கத்தை நாலு பேர் முன் திறந்து வைத்தார்கள் என்றேன். காதலை, நோயை, தனிமையை, கூச்சமில்லாமல். கூந்தலுக்குள் காதை மறைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். பிறகு ஒரு சிம்பொனியின் மெதுவான பகுதியைப் போட்டேன்.

அது எனக்குக் கேட்ட விதத்தை எப்படி எழுதுவது? தாழ்ந்த தந்திகள் தலைக்குள்ளேயே தொடங்கின. தூரத்திலிருந்து ஓர் ஊதுகொம்பு வந்தது, அதன் மூச்சுக்கூடத் தெரிந்தது. அதன்பின் வயலின்கள் ஏறின. ஆண்டுக்கணக்கில் நான் கேட்டிராத உயரத்துக்கு ஏறி, அங்கேயே நின்றன. போய்விட்டது என்று நினைத்த ஆள் கதவைத் திறந்துகொண்டு வந்து எதிரில் இருப்பது போல. கண்ணை மூடிக்கொண்டேன். கன்னம் நனைந்ததைத் துடைக்கவில்லை.

முடிந்து கண் திறந்தபோது மண்டபம் அசையாமல் இருந்தது. இருமல் இல்லை, கிசுகிசுப்பு இல்லை. தலைகள் குனிந்திருந்தன. கடைக்கார அண்ணை கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். தோழி சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். இத்தனை வாரங்களில் அவர்கள் இப்படிக் கேட்டதே இல்லை என்று எனக்குத் தோன்றியது. பெருமை என்பது உடம்பில் ஒரு சூடாக ஏறும் என்பதை அன்று உணர்ந்தேன்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்லா இருந்தது ரீச்சர்," என்றார் பின்வரிசையில் ஒருவர். "மனதுக்கு அமைதி" என்றார் இன்னொருவர். கடைக்கார அண்ணை தொண்டையைச் செருமி, "நல்லம். கடைசிப் பக்கம்தான் கொஞ்சம் இழுவை" என்றார். தோழி, "எனக்குக் கண்ணீர் வந்திட்டுது" என்று மட்டும் சொன்னார்.

ஊதுகொம்பு நுழையும் இடத்தைக் காட்டவேண்டும் என்று அதே பகுதியை மறுபடி போட்டேன். விரலை உயர்த்தினேன். "இந்தா, இப்ப வருது. கேக்குதோ?"

"ஓம், ஓம்" என்றார்கள்.

அப்போது வலது காது அரித்தது. கருவியின் சிலிக்கன் முனை நெடுநேரம் இருந்தால் அப்படி அரிக்கும். வெண்பலகையில் ஏதோ எழுதப்போவது போல அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கூந்தலைச் சரிசெய்யும் பாவனையில் அதைக் கழற்றினேன். இடது கருவி நழுவியது போலிருக்க அதையும் எடுத்தேன். மண்டபத்தில் ஓசை ஒன்றும் இல்லை. குறைந்த காதுக்குக் குறைந்த ஓசையாவது வரவேண்டும் அல்லவா? ஒன்றும் இல்லை. மேசையில் ஸ்பீக்கரின் நீல விளக்கு எரியவில்லை. கருவி ஒன்றைக் காதோடு ஒட்டிப் பிடித்தேன். விரல்களுக்கிடையில், கொசுவின் அளவில், வயலின்கள் ஏறிக்கொண்டிருந்தன.

எனக்குப் பின்னால், அந்த முழு அமைதியை நோக்கி, யாரோ "ஆகா" என்றார்கள்.

என் முகம் எரிந்தது. பலகையைப் பார்த்தபடி, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நின்றேன். என்னை ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. பிறகு அந்தக் கோபமும் வெட்கமாக மாறியது. இவர்கள் இத்தனை வாரங்களும் இப்படித்தான் இருந்தார்களா? ஒலித்த வாரங்களிலும் ஒன்றும் கேட்காமல், எனக்காக, 'நல்லா இருந்தது' என்றார்களா? கருவிகளைக் காதில் போட்டுக்கொண்டு திரும்பினேன். நேரம் வந்துவிட்டது, இன்றைக்கு இவ்வளவு போதும் என்றேன். உண்மை தெரிந்தவள் நான் மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டு அதைச் சொல்லாமல் விட்டேன். அவர்கள் கைதட்டினார்கள். ஒலிக்காத இசைக்குக் கிடைத்த கைதட்டலுக்கு நான் தலைகுனிந்து நன்றி சொன்னேன்.

சாப்பிட்டதும் தோழியும் நானும் வழக்கம்போலப் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். தூறல். அவர் குடையை என் பக்கமாகவே சாய்த்துப் பிடித்தார், அது அவர் பழக்கம். தரிப்பிடத்தில் வேறு யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. எனக்குக் காது போட்டுது."

"என்ன சொல்லுறீர்?"

"நீங்கள் போட்டது எனக்கு ஒண்டுமே கேக்கேல்லை. ஒரு சொட்டுக் கேக்கேல்லை. சுத்திப் பாத்தால் எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கினம், நீங்கள் அழுறியள். நீங்கள் கதைக்கிறது கேக்குது, பாட்டு மட்டும் கேக்கேல்லை. உப்பிடித்தான் தொடங்கும் எண்டு சொல்லுவினமெல்லோ. எங்கட அம்மாவுக்கும் கடைசியில ஒண்டும் கேக்காது. நாங்கள் அவவுக்கு முன்னாலயே அவவைப் பற்றிக் கதைப்பம். அதுதான் எனக்கு அழுகை வந்தது."

நான் வெற்றி என்று எடுத்துக்கொண்ட கண்ணீர் அது.

சொல்லியிருக்க வேண்டும். கூந்தலை ஒதுக்கிக் காட்டினால் போதும், ஒரு சொல்கூடத் தேவையில்லை. கை எழவில்லை. "அப்பிடியொண்டும் இராது, பயப்பிடாதேயும்" என்று அவர் முதுகைத் தடவினேன். பஸ் வந்தது. அவர் மேல்மாடிக்கு ஏறாமல், வயது கூடியவர்களுக்கான இருக்கையில், முதன்முறையாகப் போய் இருந்தார்.

அன்று மாலை கடைக்கார அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. மகள் சொன்னபடியே குரல் நேராக என் தலைக்குள் வந்தது, அவர் என் மண்டைக்குள் இருந்து பேசுவது போல.

"ரீச்சர், காதுக்கு நல்ல டொக்டர் ஆரும் தெரியுமோ? எனக்கில்லை, ஒரு சிநேகிதருக்கு."

"என்ன செய்யுதாம் அவருக்கு?"

"கதை கேக்குதாம். பாட்டுத்தான் கேக்காதாம். ரீச்சர், பேத்தியைப் பள்ளிக்கூடத்தால காரில கூட்டிக்கொண்டு வாறது அவர்தான். காது போட்டுதெண்டு மகன் அறிஞ்சால் கார்த் திறப்பை வாங்கிப்போடுவான். பிறகு அந்த மனிசன் என்னண்டு பொழுதைப் போக்கிறது?"

பரோக் காலத்தைக் கரண்டிப் பெட்டி என்றவரின் குரல் அது என்று நம்பவே முடியவில்லை. அந்த இடத்தில் என் மறைப்பு முடிந்தது. தைரியத்தால் அல்ல. இன்னும் ஒருவரின் பயத்தை வாங்கி வைக்க என்னிடம் இடம் இருக்கவில்லை.

"அண்ணை, உங்கட சிநேகிதருக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டு ஸ்பீக்கருக்குப் போகேல்லை. என்ர காதுக்குள்ள போனது. நான் காது மெசின் போடுறன். கனநாளாப் போடுறன்."

இணைப்புப் போய்விட்டது என்று எண்ணினேன்.

"அப்ப ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?"

"ஒருத்தருக்கும்."

"நான் கடைசிப் பக்கம் இழுவை எண்டு சொன்னன்."

"ஓம் அண்ணை."

"ஐயோ" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த ஏலாமல், இருமல் வரும்வரை. நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு என் தலைக்குள் நடந்துகொண்டிருந்தது, வெளியே போக வழியில்லாமல். கடைசியில், "ரீச்சர், காது மெசினெண்டால் என்ன, அது கண்ணாடி மாதிரித்தானே" என்றார். நல்ல மனத்தோடு சொன்னார். நான் பயந்திருந்த 'பாவம்' அதற்குள்ளும் இருந்தது.

உடனே தோழியை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பஸ் ஸ்டொப்பில நிண்டு நான் அழேக்க, உங்கட காதுக்குள்ள அது கிடந்ததோ?"

"ஓம்."

"நான் சொன்னதெல்லாம் வடிவாக் கேட்டதோ?"

"கேட்டது."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுதும் அவர் வரவில்லை, அழைக்கவும் இல்லை. அவர் தெருவைத் தவிர்த்துச் சுற்றி நடந்தேன். அவரைச் சந்திக்க வெட்கம். சந்திக்காமல் தவிர்ப்பதிலும் வெட்கம். ஒன்றைச் சொல்லவேண்டும்: காது போனதற்காக நான் பட்ட வெட்கம் இதன் முன் மிகச் சிறியதாகத் தெரிந்தது. காது போவது இயற்கை. ஒருவர் தம் பயத்தைக் கையில் எடுத்து நீட்டும்போது, அதை வாங்கிக்கொண்டு 'பயப்பிடாதேயும்' என்று சொன்னது என் தெரிவு.

அடுத்த புதன்கிழமை நேரத்தோடு போய் ஸ்பீக்கரை இணைத்து, நீல விளக்கு எரிவதைப் பார்த்தேன். கொண்டையைப் பழையபடி உயர்த்திக் கட்டியிருந்தேன். இரண்டு காதுகளும் வெளியே. எல்லோரும் வந்து இருந்தபோது தோழியின் கதிரை வெறுமையாகவே இருந்தது. ஆயத்தம் செய்திருந்த நீண்ட வாக்கியம் மறந்துபோனதால் சுருக்கமாகச் சொன்னேன்: "போன கிழமை உங்களில ஒருத்தருக்கும் ஒண்டும் கேட்டிருக்காது. உங்கட காதுகளில பிழை இல்லை. பிழை என்ர காதில. பாட்டு எனக்கு மட்டும் கேட்டது."

பின்வரிசையில் ஒரு வயோதிபப் பெண், "ஐயோ, நான் ஒரு கிழமையா நல்லெண்ணெய் காய்ச்சிக் காதுக்குள்ள விடுறன்!" என்று கத்தினார். மண்டபம் வெடித்தது. "அதுதான் இஞ்ச தோசை மணக்குது" என்றார் கடைக்கார அண்ணை. எத்தனை பேர் எத்தனை விதமாகத் தங்கள் காதுகளைச் சோதித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஒருவர் மணிக்கூட்டைக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒருவர் மனைவியைப் பக்கத்து அறையில் நின்று திட்டச் சொல்லியிருக்கிறார். ஒரே மண்டபத்தில், ஒரே பயத்தோடு, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியும் மேடம். லைட் எரியலைன்னு அப்பவே பார்த்தேன். நீங்க மெஷின் போட்டிருக்கிறதும் ரொம்ப நாளாத் தெரியும். நீங்க கண்ணை மூடிக்கிட்டு அழுதுகிட்டிருந்தீங்க. அந்த நேரத்துல எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. சொல்லியிருக்கணும். தப்புதான்."

மரியாதையும் ஒருவகை மயக்கமருந்துதான் என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அன்று "இருங்கோ டொக்டர்" என்று மட்டும் சொன்னேன்.

அப்போது கதவு திறந்து தோழி வந்தார். யாரையும் பார்க்காமல், முன்வரிசைக்கு வராமல், கதவுக்குப் பக்கத்தில் ஈரக் கோட்டைக் கழற்றாமலே இருந்தார்.

அதே பகுதியைப் போட்டேன். இம்முறை மண்டபத்துக்கு. தாழ்ந்த தந்திகள் வந்தன. ஊதுகொம்பு வந்தது, கூட்டம் நிமிர்ந்ததைப் பார்த்தேன், கடைக்கார அண்ணை மருத்துவரின் தோளைத் தட்டி, "இதுதான் அது" என்பதுபோல் விரலை உயர்த்தினார். எனக்கு அது போன வாரத்து இசையே அல்ல. மண்டபத்தின் சுவர்களில் பட்டு, கருவிக்குள் நுழையும்போது மெலிந்து, மேல்பகுதி தேய்ந்து வந்தது. வயலின்கள் ஏறும் இடம் எனக்கு மனப்பாடம். ஏறத் தொடங்குவது கேட்டது. பிறகு இல்லை. அவை நின்றுவிட்டனவா, இல்லை என்னைத் தாண்டிப் போய்விட்டனவா என்பது தெரியவில்லை. முன்பானால் விரலை உயர்த்தி, தெரிந்தவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு, அடுத்த இடம்வரை மனதுக்குள் எண்ணியிருப்பேன்.

இம்முறை அவர்களிடமே கேட்டேன்.

"வயலின் இன்னும் இருக்குதோ? எனக்குக் கேக்கேல்லை."

ரீச்சருக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது, ரீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இருக்கவில்லை. கதவுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, சுருக்கமாக, கோபம் முழுதும் இறங்காத குரல்.

"கிடக்குது."

காத்திருந்தேன். "இப்ப?"

"இப்பவும் கிடக்குது. மேல, நல்லா மேல." கோட்டின் பொத்தான்கள் கழலும் அசைவு தெரிந்தது. "பொறுங்கோ அக்கா, நிண்டால் சொல்லுறன்."